உதைக்கிற கால், ஊன்றுகிற கால்

போன மாதம் இந்தப் பகுதியில், 'கால்பந்து ஆடுகிறவர்களுக்கு இரண்டு காலும் ஒரே மாதிரி இருப்பதில்லை' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்குக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் கையில் தையல் டேப்போடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் எழுதியவை. எல்லாரும் 'டாக்டர்' என்றே விளித்திருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரி. மூன்று அண்ணன்மார் பந்தாட, கரையில் நின்று அவர்களுடைய சட்டைக்குக் காவல் இருந்து வளர்ந்தவள். அக்கா என்று எழுதுங்கள், போதும்.

என் மகனுக்கு 15 வயது. பள்ளி டீமில் ரைட் விங். பேன்ட் தைக்க அளவெடுத்த டெய்லர், வலது தொடை பெரிதாக இருப்பதாகச் சொன்னார். வீட்டில் அளந்தோம். வலது 49 செ.மீ., இடது 47. பி.டி. சார் 'இடது கால் வீக், அதனால்தான் வேகம் இல்லை' என்கிறார். இது ஏதாவது நோயா?
– ஒரு அம்மா, கருங்கல்

நோய் இல்லை அம்மா. முதலில் அந்த டேப்பைப் பற்றிப் பேசுவோம். தொடை கூம்பு மாதிரி. இரண்டு விரல் மேலே வைத்தால் ஒரு அளவு, கீழே வைத்தால் வேறு அளவு. நான் அளக்கும்போது பையனைப் படுக்கவைத்து, முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து சரியாக 15 செ.மீ. தள்ளிப் பேனாவால் கோடு போட்டு, தசையைத் தளர்த்தச் சொல்லி, மூன்று தடவை அளப்பேன். அப்படி அளந்துமே அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே வரும். பையன் நின்றுகொண்டு, ஒரு காலில் பாரத்தைப் போட்டு, 'சீக்கிரம்மா, விளையாடப் போகணும்' என்று நெளியும்போது எடுத்த இரண்டு சென்டிமீட்டரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உண்மையிலேயே வித்தியாசம் இருந்தாலும் அதில் அதிசயம் இல்லை. அவன் பந்தை உதைக்கிற ஒரு நொடியை நினைத்துப் பாருங்கள். வலது கால் பின்னால் போய் முன்னால் வீசுகிறது. அதற்குத் தொடையின் முன்பக்கத் தசையும் இடுப்பை மடக்குகிற தசையும் வேலை செய்கின்றன. அதே நேரம் உடம்பின் மொத்த எடையையும், ஓடிவந்த வேகத்தையும் சேர்த்து இடது கால் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றித் தாங்குகிறது. அதற்குப் பிட்டத் தசை, தொடையின் பின்பக்கத் தசை, கெண்டைக்கால் எல்லாம் வேண்டும். ஒரு கால் வீசுவதையும் இன்னொன்று தாங்குவதையும் பத்து வயதிலிருந்து ஆயிரக்கணக்கான தடவை செய்த பிள்ளைக்கு இரண்டும் அச்சு எடுத்த மாதிரி இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தொடையின் முன்பக்கத் தசை கிழிவது உதைக்கிற காலில்தான் அதிகம். அதாவது பருத்திருக்கிற காலுக்கு ஆபத்து இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

சுற்றளவு பலத்தைக் காட்டாது. தோலும் கொழுப்பும் எலும்பும் சேர்ந்த கணக்கு அது. பி.டி. சாரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள், வேகம் இல்லாததற்கு இடது தொடையை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம் என்று. இந்த வயதில் ஒரே வருடத்தில் பிள்ளைகள் மளமளவென்று வளர்வார்கள். திடீரென்று நீண்ட காலை ஓட்டப் பழகவே கொஞ்சம் மாதம் ஆகும்.

இவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் டாக்டரைப் பாருங்கள்: சில வாரங்களிலேயே ஒரு கால் கண்ணுக்குத் தெரிய மெலிவது, நடக்கும்போது பாதம் தரையில் இழுபடுவது, மரத்துப்போவது, முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, முழங்கால் வீக்கம், இரவில் தூக்கத்தைக் கலைக்கிற வலி. இதெல்லாம் பந்தாட்டத்தால் வந்த ஏற்றத்தாழ்வு இல்லை.

செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆட்டம்) ஆடுகிறேன். வயது 22. இடது காலில் எம்பினால் உயரம் வலதை விட நன்றாகவே குறைகிறது. இதைச் சரிசெய்தால் வேகம் கூடுமா, ஷாட் நன்றாக வருமா? நேரடியாகச் சொல்லுங்கள் அக்கா.
– ஒரு ஆட்டக்காரர், நீரோடி

நேரடியாகவே சொல்கிறேன் மக்கா. ஷாட்டுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, வேகத்துக்கு அரைகுறை.

ஆஸ்திரேலியாவில் அவர்களுடைய ஊர் ஃபுட்பாலில், நம்முடையது இல்லை, நீள்வட்டப் பந்தைக் கையிலிருந்து விட்டு உதைக்கிற ஆட்டம், 31 ஆட்டக்காரர்களைச் சோதித்து 2014-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். குறி தப்பாமல் உதைத்தவர்களுக்கு இரண்டு காலிலும் தசை ஏறக்குறைய சமமாக இருந்தது. குறி தப்பியவர்களுக்கு உதைக்கிற காலில் தசை கூடுதல், ஊன்றுகிற கால் பலம் குறைவு. சின்ன ஆய்வுதான், ஆனால் எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. என் பெரிய அண்ணன் ஷாட் மேலே பறக்கிற ஒவ்வொரு தடவையும் வலது ஷூவைத் திட்டுவார். ஊன்றுகிற இடது காலைப் பார்க்கவே மாட்டார். நான் கரையில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆடிக்காற்றில் தென்னை ஆடுவது போல ஆடும்.

வேகத்தில் விஷயம் குழப்பம். எம்புவதில் இரண்டு காலுக்கும் வித்தியாசம் அதிகமுள்ள இளம் ஆட்டக்காரர்கள் ஓட்டத்திலும் திரும்புவதிலும் பின்தங்குகிறார்கள் என்று சில ஆய்வுகள் காட்டின. அப்படி ஒன்றும் இல்லை என்று வேறு சில. இன்னொரு வேடிக்கை, மேலே எம்புவதில் இடது கால் தோற்கும், முன்னால் தாவுவதில் அதே கால் ஜெயிக்கும். அடுத்த வாரம் சோதித்தால் மறுபடி மாறும். ஆகவே ஒரே நாள் ஒரே சோதனையை வைத்து 'என் இடது கால் வீக்' என்று முடிவுகட்டாதே.

நீயே செய்து பார். ஒற்றைக் காலில் நின்று முன்னால் ஒரே தாவல். அதே காலில் இறங்கி இரண்டு நொடி அசையாமல் நிற்க வேண்டும். தள்ளாடினால் கணக்கில் சேராது. ஒவ்வொரு காலுக்கும் மூன்று வாய்ப்பு, சிறந்ததை எழுது. குறைந்த அளவைக் கூடின அளவால் வகுத்து 100-ஆல் பெருக்கு. வலது 160 செ.மீ., இடது 144 என்றால் 90. தொண்ணூறும் அதற்கு மேலும் வந்தால் போய் ஆடு. 85-க்குக் கீழே, அதுவும் மூன்று வாரம் தொடர்ந்து அதே கால்தான் குறைகிறது என்றால் வேலை செய். சமமான தரையில் தாவு. நம் கடற்கரை கடலைப் பார்த்துச் சரிந்தது. அங்கே நின்று தாவினால் எந்தக் கால் கடல் பக்கம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

மெலிந்த காலுக்கு எங்கள் வர்ம ஆசான் எண்ணெய் தந்திருக்கிறார். தடவினால் தசை பருக்குமா?
– திருவட்டாறு வாசகர்

ஆசான் தடவிவிட்டால் வலி இளகும், காலுக்கு இதமாக இருக்கும்; தடவிக்கொள்ளுங்கள், நானும் தடவியிருக்கிறேன். தசை வளர்வது அதன் மேல் பாரம் ஏற்றினால் மட்டும்தான். எண்ணெய் தடவியபின் அந்தக் காலால் படியேறுங்கள்.

கடற்கரைக் கிராமத்தில் ஒரு கிளப்புக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இருபது பையன்கள், ஒரு கயிறு, நான்கு கூம்பு, அவ்வளவுதான் சொத்து. பெரிய கிளப்புகளில் மெஷினில் கால் பலம் அளக்கிறார்களாமே. எங்களுக்கு என்ன வழி?
– பயிற்சியாளர், குளச்சல் பக்கம்

அந்த மெஷினைப் பற்றி இரண்டு செய்தி சொல்கிறேன், பிறகு உங்களுக்கு ஏக்கம் குறைந்துவிடும். நாற்காலியில் உட்காரவைத்து, காலை ஒரே வேகத்தில் நீட்டவும் மடக்கவும் சொல்லி, முன்தொடையும் பின்தொடையும் எவ்வளவு தள்ளுகின்றன என்று அளப்பது அது. 2008-ல் வந்த ஒரு ஆய்வில் 462 தொழில்முறை ஆட்டக்காரர்களை சீசனுக்கு முன்னால் அதில் அளந்து, சீசன் முழுக்கக் கவனித்தார்கள். 35 பேருக்கு ஹாம்ஸ்ட்ரிங் காயம், அதாவது பின்தொடைத் தசையில் காயம். ஏற்றத்தாழ்வு இருந்தும் சரிசெய்யாமல் விட்டவர்களுக்கு, ஏற்றத்தாழ்வு இல்லாதவர்களை விட நான்கரை மடங்குக்கு மேல் ஆபத்து. ஆகா என்று எல்லாரும் மெஷின் வாங்கினார்கள். அப்புறம் கத்தாரில் 614 ஆட்டக்காரர்களை அதே மாதிரி அளந்தார்கள். அங்கே 190 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் ஆயின. அந்த அளவை வைத்து யாருக்குக் காயம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, தொடர்பு ரொம்பப் பலவீனம் என்றார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. ஆட்களும் அதிகம், காயங்களும் அதிகம். அளப்பதில் பணம் போடுவதை விட எல்லாரையும் பலப்படுத்துவது மேல்.

அதற்கு ஒரு சாக்கு போதும். மடித்துப் போட்டுப் பையனை அதன் மேல் முட்டிபோடச் சொல்லுங்கள். இன்னொருவன் பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடிக்கட்டும். முட்டியிலிருந்து தலை வரை ஒரே நேராக, இடுப்பு மடங்காமல், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். இனி தாங்காது என்கிற இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். நார்டிக் பயிற்சி என்பார்கள். டென்மார்க்கில் 50 அணிகள், 942 ஆட்டக்காரர்கள்; பாதி அணிகள் பத்து வாரத்தில் 27 தடவை இதைச் செய்தன. செய்யாத பக்கம் 52 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள், செய்த பக்கம் 15. நான் படித்த காலத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

அவசரப்படாதீர்கள். டென்மார்க்காரர்கள் முதல் வாரம் ஒரே ஒரு நாள், ஐந்தைந்தாக இரண்டு தடவைதான் செய்தார்கள். இரண்டாம் வாரம் இரண்டு நாள். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று நாள். முதல் நாளே முப்பது போட்டால் மறுநாள் பையன்கள் கக்கூஸில் உட்கார முடியாமல் உங்களைத் திட்டுவார்கள்.

இதில் ஒரு குறையும் உண்டு. இரண்டு காலும் சேர்ந்து செய்வதால் பலமுள்ள கால் மற்றதன் பங்கையும் சுமந்துவிடும். அதனால் ஒற்றைக் கால் வேலை ஒன்று சேருங்கள். மல்லாந்து படுத்து ஒரு குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எழுவது, படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது. எப்போதும் பலமில்லாத கால் முதலில். அது எட்டு செய்தால் மற்றதும் எட்டுதான், ஒன்றுகூட அதிகம் வேண்டாம். பலமான காலுக்கு லீவு கொடுக்கிற பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். ஏழையைப் பணக்காரனாக்க முடியாமல் பணக்காரனை ஏழையாக்குகிற கதை அது.

சனிக்கிழமை கரமடி இழுக்கப் போகிற பையன்கள் இருந்தால் அன்று இந்தப் பயிற்சி தேவையில்லை. மணலில் குதிகாலைப் புதைத்துப் பின்னால் சாய்ந்து வலை இழுக்கிறவனுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்?

கரிஞ்சாவுக்கு ஒரு கால் குட்டையாமே! அவர் எப்படி ஆடினார்?
– பல கடிதங்கள்

இதைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். ஆமாம், ஒரு கால் மற்றதை விட ஏறக்குறைய 6 செ.மீ. குட்டை, இரண்டும் வளைவு. பிரேசிலுக்கு 50 ஆட்டம் ஆடி ஒன்றில்தான் தோற்றார். 1958, 1962 இரண்டு உலகக் கோப்பை. அவரும் பெலேவும் சேர்ந்து இறங்கிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை. அவர் குழந்தையிலிருந்தே அந்தக் கால்களோடு வளர்ந்தவர், உடம்பு அதற்கேற்ப ஓடப் பழகிவிட்டது. நேற்றுவரை இருந்த பலம் காயத்தால் இன்று போனவருக்கு இந்த உதாரணம் பொருந்தாது. அடுத்த கடிதம் அப்படிப்பட்டவருடையது.

ஏ.சி.எல். (முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்துக்கட்டுகிற நார்) ஆபரேஷன் ஆகி ஏழு மாதம். இரண்டு தொடையும் இப்போது டேப்பில் ஒரே அளவு. ஒற்றைக் கால் தாவலும் 90-க்கு மேல். அடுத்த ஞாயிறு எங்கள் ஊர்த் திருவிழா டோர்னமென்ட். இறங்கலாமா?
– வயது 24, பெயர் வேண்டாம்

இறங்காதே தம்பி.

ஏன் என்று கோபப்படாமல் கேள். இருபது வருடத்துக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உன்னை மாதிரியே ஒரு பையன் வந்தான். டேப்பில் சமம், தாவலில் 93. 'போய் ஆடு' என்று நான்தான் அனுப்பினேன். நான்காவது ஆட்டத்தில், யாரும் தொடாமல், திரும்பும்போது அதே முழங்கால் மறுபடி போனது. அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் கணக்கு எங்கே தப்பியது? காயத்துக்கு முன் அவனுடைய நல்ல கால் 170 செ.மீ. தாவும். பல மாதம் ஓடாமல் இருந்ததில் நல்ல காலும் 140-க்கு இறங்கியிருந்தது. ஆபரேஷன் செய்த கால் 130. 130-ஐ 140-ஆல் வகுத்தால் 93 வரும். பழைய 170-ஆல் வகுத்திருந்தால் 76. இரண்டு காலும் சேர்ந்து கீழே இறங்கிச் சமமானதை நான் குணம் என்று நினைத்துவிட்டேன். அதோடு, தாவும் தூரம் முழங்காலை மட்டும் சோதிப்பதில்லை. இடுப்பும் கணுக்காலும் தூக்கிக்கொடுத்து, முன்தொடையின் பலக்குறைவை மறைத்துவிடும். அன்று எனக்கு இது தெரியாது.

2016-ல் நார்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இந்த ஆபரேஷன் ஆன 106 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். திரும்பி ஆடுவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முன்தொடையின் பலம் இரண்டு காலிலும் சமமாக வந்தபின் திரும்பியவர்களுக்கு ஆபத்து இன்னும் குறைவு. உனக்கு ஏழுதான் ஆகியிருக்கிறது. முன்தொடையை யாராவது தனியாக அளந்தார்களா? கடிதத்தில் இல்லை. மெஷின் உள்ள இடத்துக்குப் போய் அளந்து வா. உனக்கு அது தேவை. குளச்சல் பயிற்சியாளரிடம் வேண்டாம் என்றேனே என்று கேட்காதே. காயமே படாதவனைப் பார்த்து ஜோசியம் சொல்ல அது உதவாது. அறுத்துத் தைத்த கால் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க உதவும்.

நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம்பட்டு, அந்த சீசன் முழுக்க வெளியே இருந்தார். திருவிழா அடுத்த வருடமும் வரும். இந்த வருடம் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று கத்து.

இடது காலிலும் உதைக்கப் பழகினால் இரண்டு காலும் சமமாகிவிடுமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், வள்ளவிளை

தசை அளவில் பெரிய மாற்றம் வராது, ஆட்டத்தில் வரும். 1998 உலகக் கோப்பையில் 236 ஆட்டக்காரர்களின் ஒவ்வொரு தொடுதலையும் எண்ணிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 79 சதவீதம் பேர் வலதுகால்காரர்கள், சாதாரண ஜனங்களைப் போலவே. மற்றக் காலால் அவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். ஆனால் தொட்டபோது அதே அளவு திறமையாகத்தான் ஆடினார்கள்! ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ப்ரேமே 1986-ல் மெக்சிகோவுக்கு எதிராகப் பெனால்டியை இடது காலால் அடித்தார். 1990 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை, அதுவும் பெனால்டி, வலது காலால் அடித்தார். தினம் இருபது பந்து இடது காலால் சுவரில் அடி. வலது காலுக்கும் அது ஊன்றப் பழகுகிற பயிற்சி.

அக்கா, வயது 17. மாவட்ட டீமில் டிஃபெண்டர். ஹெட் பண்ணிவிட்டு இறங்கும்போது இடது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது, வலது சாய்வதில்லை. வலி இல்லை. இதைப் பார்த்த அம்மா ஆடுவதையே நிறுத்தச் சொல்கிறார்.
– மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பெண்

இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கடிதம். தன் முழங்காலை இவ்வளவு கூர்ந்து பார்த்து எழுதியிருக்கிறாய்.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஏ.சி.எல். காயம் ஆண் ஆட்டக்காரர்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெண்களுக்கு அது ஊன்றுகிற காலில் வருவதே அதிகம் என்றும் ஒரு ஆய்வு சொன்னது. உனக்கு இடது அந்தக் கால்தானே? ஆனால் இது சரிசெய்யக்கூடியது. நார்வேயில் 125 கிளப்புகளில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் இருபது நிமிடம் ஓட்டம், ஒற்றைக் கால் சமநிலை, குதித்து மெதுவாக இறங்குவது, நார்டிக் எல்லாம் சேர்த்துச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் பாதியளவுக்குக் குறைந்தன. ஃபிஃபா அதற்கு '11+' என்று பெயர் வைத்திருக்கிறது. உன் கோச்சிடம் அந்தப் பெயரைச் சொல்.

வீட்டில் இதைச் செய். கண்ணாடி முன்னால் இடது காலில் மட்டும் நாற்காலியிலிருந்து எழு, உட்கார். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராகவே போக வேண்டும். உள்ளே சாய்ந்ததும் நிறுத்து, அதுவரை செய்ததுதான் உன் எண்ணிக்கை. வலது காலுக்கும் அதே எண்ணிக்கை. வாரம் மூன்று நாள், ஆறு வாரம். பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை வலித்தால் சரியாகச் செய்கிறாய் என்று அர்த்தம். முழங்கால் வலித்தால் நிறுத்திவிட்டு யாரிடமாவது காட்டு.

அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொல். முதல் நாள் எண்ணிக்கையையும் ஆறாவது வாரத்து எண்ணிக்கையையும் எழுதி அனுப்பு, இரண்டு காலுக்கும் தனித்தனியாக.